வீடும் வளவும்: மாரியில் மூழ்கும் புற்றரை

2023ஆம் ஆண்டு ஐப்பசியில் இப்பகுதியிலே புற்றரை வளர்ப்பது பற்றி நாம் எழுதியிருந்தோம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் புற்றரையை அலவாங்கினால் அடிக்கொரு துளையிட்டு, அத்துளைகளில் ஆற்று மணலை நிரப்பி, மேலேயும் விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பிவிட்டால் நிலம் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அன்று நாம் கூறிய யோசனை. பல நூல்களில் காணப்படும் யோசனைதான். ஆனால் 2024 மார்கழியில் திருகோணமலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர். கடிதம் மிகச் சிறியது. "நீங்கள் எழுதியபடியே ஆவணியில் எல்லாம் செய்தேன். இரண்டு உழவு இயந்திரப் பெட்டி மணல் வாங்கினேன். இப்போது புல்லும் இல்லை, மணலும் இல்லை. சேறு மட்டும் இருக்கிறது. வந்து பாருங்கள்" என்று முடித்திருந்தார்.

போகாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. போனோம்.

வீடு உவர்மலைச் சரிவுக்குக் கீழே, உட்துறைமுகத்துக்கு அண்மையிலே, தாழ்ந்த தெரு ஒன்றில் உள்ளது. நாம் சென்ற தினத்தில் மழை விட்டு நான்கு நாட்களாகியிருந்தன. தெருவில் புழுதி கிளம்பத் தொடங்கிவிட்டது. ஆயினும் அம்மையாரின் முன்வளவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நீருக்குள்ளே அறுகம்புல் மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தது. ஓரங்களிலே கோரை மட்டும் நிமிர்ந்து நின்றது. ஓரிடத்தில் மண்ணைக் கிண்டிப் பார்த்தோம். மேலே மூன்றங்குலம் மணல். அதன் கீழே சாம்பல் நிறமான களி. கிண்டியவுடன் எழுந்த வாடை, கிடுகு பின்னுவதற்குத் தென்னோலை ஊறப்போட்ட குட்டையின் வாடையை ஒத்திருந்தது. இந்த வாடையை எமது வாசகர்களில் பலர் அறிவர். காற்றுப் புகாத ஈர மண்ணில், காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

புல்லின் வேருக்கு நீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு காற்றும் அவசியம். நல்ல மண்ணிலே பொடிக்கும் பொடிக்கும் இடையில் உள்ள நுண்ணிய வெளிகளில் ஒரு பங்கு நீரும் ஒரு பங்கு காற்றும் இருக்கும். நிலம் மூழ்கினால் காற்று இருந்த இடத்தையும் நீரே பிடித்துக்கொள்ளும். நீரினூடாகப் பிராணவாயு பரவும் வேகம், காற்றினூடாகப் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே மேலே எவ்வளவு காற்று வீசினாலும் வேர் மூச்சுத் திணறியே சாகும். இலை மஞ்சளாவதைக் கண்டு பசளை போதாதென்று நினைத்து யூரியா தூவுவோர் உண்டு. மூச்சு முட்டிக் கிடப்பவனுக்கு விருந்து பரிமாறுவதைப் போன்றது அது.

இனி, நாம் சொன்ன யோசனை எங்கே பிழைத்தது என்பதைக் கூறவேண்டும். துளையிட்டு மணல் நிரப்புவது, மேலே இறுகி அடியிலே நெகிழ்ந்திருக்கும் நிலத்துக்குத்தான் மருந்து. கால் மிதித்து மேல்மண் கட்டியாகிவிட்ட இடத்தில் துளைகள் வழியே நீர் கீழிறங்கிச் சென்றுவிடும். இங்கேயோ அடியில் இருப்பது களி. மணல் நீரை விரைவாகக் கீழே விடுகிறது. களி அதைத் தடுத்து நிறுத்துகிறது. துளைகளெல்லாம் சிறு கிணறுகளாகிவிட்டன. பாத்திரத்தின் அடியில் மணலைப் போட்டுவிட்டால் பாத்திரம் ஒழுகுமா? நீர் வெளியேற வழி உண்டா என்று கேட்காமலே மருந்து எழுதிக் கொடுத்தோம். அம்மையாரின் மணற் செலவுக்கு நாம் பொறுப்பாளிகள் என்று ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் கொடுத்தார்.

திருகோணமலையில் புற்றரை எப்படி வந்தது என்பதையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம். நம்மவர் வீடுகளில் முற்றம் என்றால் மணல் முற்றமே. காலையில் ஈர்க்குக்கட்டு விளக்குமாற்றால் கோடு விழக் கூட்டி, பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் புதிதாக வெண்மணல் பரப்புவர். முற்றத்தில் புல் முளைத்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்றுதான் ஊர் பேசும். புல்லை வேண்டுமென்றே வளர்த்து, கத்தரித்து, அதன் மேல் நாற்காலி போட்டு உட்காரும் வழக்கத்தை இங்கே பரப்பியவர்கள் பிரித்தானியர், அவர்களுள்ளும் சிறப்பாகக் கடற்படையினர். 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுச் சென்றார்கள், வழக்கம் நின்றுவிட்டது. நிலாவெளி வீதியிலுள்ள போர்வீரர் மயானத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்தோரின் கல்லறைகளுக்கிடையே இன்றும் அவ்வகைப் புற்றரையைக் காணலாம். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த கதையை அறிந்தவர்கள் அங்கே சிறிது நேரம் நின்றுவிட்டே வருவார்கள்.

ஆனால் இங்கிலாந்தின் மழை வேறு, எங்கள் மழை வேறு. லண்டனில் ஓராண்டில் பெய்வது ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். அது பன்னிரண்டு மாதங்களுக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடப்பட்டு வருகிறது. திருகோணமலையிலோ ஓராண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. அதிலும் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடியில் புல் கருகும், கார்த்திகையில் மூழ்கும். இங்கே புற்றரை வைத்திருப்பவர் தாகத்துக்கும் வெள்ளத்துக்கும் ஒரே நிலத்தில் ஆயத்தம் செய்ய வேண்டியவராகிறார். பிரெடரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேயும் புல்லைப் பார்த்து, "அங்கே மட்டும் எப்படி நிற்கிறது?" என்று அம்மையார் எம்மிடம் கேட்டார். கோட்டை கடலுக்குள் நீண்ட பாறை முனையின் மேலே இருக்கிறது. விழும் மழை இரு பக்கமும் கடலுக்கு இறங்கிவிடுகிறது. அம்மையாரின் வளவோ நாற்புறமும் வரும் நீருக்குத் தொட்டி. இவ்வூரில் உவர்மலை என்றும் உப்புவெளி என்றும் இடப்பெயர்கள் வழங்குவதைக் கேட்டாலே, நீரையும் உவரையும் மனத்தில் வைத்துத்தான் இங்கே தோட்டம் போடவேண்டும் என்பது தெரியும்.

நிற்க. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகவேண்டும் என்ற இரண்டு கேள்விகளோடு வளவைச் சுற்றி நடந்தோம். முதற் கேள்விக்கு விடை தலைக்கு மேலேயே இருந்தது. வீட்டுக் கூரையின் பீலி முழுவதும் ஒரே குழாயால் முன்வளவிலே கொட்டுகிறது. நூறு சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,500 லீற்றர் நீர். ஒரு நல்ல மழைக்கு இவ்வளவு. நவம்பர் மாதம் முழுவதையும் சேர்த்தால் முப்பதினாயிரம் லீற்றருக்கு மேல் அந்த ஒரு குழாயின் வழியே புல்லின் தலையில் ஊற்றப்படுகிறது. அன்றியும் தெரு இருமுறை திருத்தப்பட்டு, முறைக்கு நாலங்குலமாக உயர்ந்திருந்தது. முன்பு வளவிலிருந்து தெருவுக்கு ஓடிய நீர், இப்போது தெருவிலிருந்து வளவுக்கு வருகிறது.

இரண்டாம் கேள்விக்கு விடை சொன்னவர் அயலிலுள்ள ஒரு முதியவர். அம்மையாரின் வளவுக்கும் கீழ்ப்புற வளவுக்கும் நடுவே முற்காலத்தில் ஒரு சிறு வாய்க்கால் ஓடியதாம். அது தெருமுனையிலுள்ள மதகிற் போய் விழுமாம். எல்லையில் கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலி இருந்தது. வேலியின் அடியால் நீர் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னர் கீழ்ப்புறத்தார் வேலியை எடுத்துவிட்டு அத்திவாரமிட்டு மதில் கட்டினார்கள். வாய்க்கால் மண்ணால் நிரம்பியது. மதிலுக்கு அடியில் ஒரு துவாரமேனும் விடப்படவில்லை. இதைப் பற்றி வாக்குவாதம் வந்து, இரண்டு வருஷங்களாக இரு வீட்டாரும் பேசுவதில்லை. அம்மையாரின் புல் வாடியதற்குக் காரணம் களி மண் மட்டும் அன்று.

அன்று அங்கே ஒரு மேசனாரும் இருந்தார். அவருடைய தீர்வு எளிது. "ரீச்சரம்மா, ஏன் கனக்க யோசிக்கிறீங்கள்? நாலு டிப்பர் கிரவல் கொட்டி இரண்டடி உயர்த்திவிட்டால் வேலை முடிந்தது. மேலே நல்ல மண் போட்டுப் புதுப் புல் பதிக்கலாம்" என்றார். அவர் கூறியதில் அம்மையாரைப் பொறுத்தவரை பிழையில்லை. அந்தப் புற்றரையைப் பதித்தவர் அவருடைய காலஞ்சென்ற கணவர். ஆடி மாதத்தில் கனடாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். பணமும் ஒதுக்கி வைத்திருந்தார். எம்மிடம் கேட்க வேண்டியது ஒன்றே: எந்தப் புல் நல்லது?

நாம் மதிலின் மேலால் எட்டிப் பார்த்தோம். கீழ்ப்புற வீட்டின் நிலம் அம்மையாரின் நிலத்திலும் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. மதிலிலிருந்து பதினைந்தடி தூரத்தில் அவர்களுடைய கிணறு. கட்டு உயரமில்லாத பழைய கிணறு. அதற்கு அப்பால் மலசலகூடக் குழி. அம்மையாரின் வளவு இரண்டடி உயர்ந்தால், தெருநீரும் மேல்வளவு நீரும் வேறு வழியின்றிச் சுற்றிக்கொண்டு அந்தத் தாழ்ந்த வளவிலேயே இறங்கும். குழி நிரம்பும். குழி நீரும் வெள்ள நீரும் கலந்து கிணற்றுக் கட்டைத் தாண்டும். அந்த வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருந்தது. கொடியிலே துணித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

இதை நாம் அம்மையாரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "மதிலைக் கட்டி எங்களை மூழ்கடித்தவர்கள் அவர்கள்தானே?" என்றார். அதுவும் உண்மை. நியாயம் அவர் பக்கம் இருந்தது. கிணறோ மறு பக்கத்தில் இருந்தது. புல்லைப் பற்றி எழுதும் நாம் இந்த விஷயத்தில் என்ன சொல்வது? கிரவல் கொட்டினால் இனி உங்கள் புற்றரைக்கு எம்மால் ஆலோசனை கூற இயலாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். திரும்பி வரும் வழியெல்லாம், சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது.

தை பிறந்து இரண்டு வாரங்களின் பின் மறு கடிதம் வந்தது. அம்மையார் பொங்கலன்று ஒரு செம்பில் புக்கை எடுத்துக்கொண்டு கீழ்ப்புற வீட்டுப் படலைக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் முன்பு அவரிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவராம். "தம்பி, உங்கள் கிணற்றுக்காகவும் என் புல்லுக்காகவும் ஒரு வழி பார்ப்போமா?" என்று கேட்க, "ரீச்சர், மதில் கட்டும்போது துவாரம் விடவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை" என்றாராம் அவர். இரண்டு வருஷத்துப் பேச்சில்லாமை ஒரு செம்புப் புக்கையில் கரைந்துவிட்டது என்று எழுத எமக்கும் ஆசைதான், உண்மை அப்படியில்லை. செலவைப் பங்கிடுவதில் பங்குனி வரை இழுபறி இருந்தது. உள்ளூராட்சிச் சபையிடம் மதகில் நீரை விடுவதற்கு அனுமதி கேட்டு, அது கிடைக்க மேலும் சில வாரங்கள் சென்றன.

வேலையை ஆவணியில், நிலம் நன்கு காய்ந்திருந்த வேளையில் செய்தார்கள். மாரியில் களிமண்ணை வெட்டினால் அது பசையாகி, பின்னர் ஓடு போல இறுகிவிடும். ஆதலால் மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். முதலில் மட்டம் பார்த்தார்கள். நீளமான தெளிந்த குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மேசன்மார் நாள்தோறும் செய்வதுதான். அதன்படி, புற்றரையின் மிகத் தாழ்ந்த இடத்திலும் பார்க்க மதகின் தளம் இரண்டடி கீழே இருந்தது. இந்த அளவு கிடைத்த பின்பே மண்வெட்டியைத் தொடவேண்டும். வெளியேறும் இடம் தாழ்வாக இல்லையெனில் எந்த வாய்க்காலும் பிரயோசனப்படாது. அது நீளமான ஒரு குட்டையாகவே முடியும்.

எல்லையோரமாக அறுபதடி நீளத்துக்கு, ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டப்பட்டது. தொடக்கத்தில் ஆழம் ஒன்றேகால் அடி. நூறடிக்கு ஓரடி என்ற சரிவு வைத்ததால், முடியும் இடத்தில் ஏழங்குலம் கூடியது. அடியிலே துளையிட்ட பிளாஸ்ரிக் குழாயை வைத்து, சுற்றிலும் கருங்கற் சல்லி நிரப்பி, மண் உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ளாதபடி வடிதுணி விரித்து மூடினார்கள். வடிதுணிக்குப் பதிலாகத் தும்பைப் பரப்பலாமே என்று மேசனார் கேட்டார். பரப்பலாம், சில வருஷங்களில் அது உக்கிவிடும். கிணற்றை அண்டிய பகுதியில் மட்டும் துளையில்லாத குழாயைப் போடும்படி நாம் எழுதியிருந்தோம். வெள்ள நீரைக் கிணற்றருகே மண்ணில் கசியவிடுவது தகாது. மதிலில் நிலமட்டத்தோடு இரண்டு இடங்களில் துவாரம் திறந்து, அங்கு சேரும் மேல்நீரையும் அதே வாய்க்காலுக்குத் திருப்பினார்கள். கூரைப் பீலியின் குழாய் ஒரு தொட்டிக்குள் விடப்பட்டு, தொட்டி நிரம்பி வழிவது நேராக வாய்க்காலுக்குப் போயிற்று. அந்தத் தொட்டித் தண்ணீர் கார்த்திகையில் வேண்டப்படாதது. மாசி பங்குனியில் பூச்செடிகளுக்கு உதவும். தொட்டிக்கு நுளம்பு புகாத மூடி அவசியம். டெங்கு நுளம்பு முட்டையிடுவது சேற்றுக் குட்டையிலும் பார்க்க, தொட்டி, சிரட்டை, பூச்சாடித் தட்டு முதலியவற்றில் நிற்கும் தெளிந்த நீரிலேயே.

நிலத்தடி நீரே மாரியில் புல்லின் வேர்மட்டத்துக்கு ஏறிவரும் வளவுகளும் துறைமுகத்தை அண்டிய தாழ்நிலங்களிலே உண்டு. இதை அறிய, மார்கழியில் ஓரடிக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். மேலே தண்ணீர் ஊற்றாமலே குழி தானாக நிரம்பினால், அந்த இடத்தில் புற்றரை என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது. கல்வாழையும் சேம்பும் அங்கே செழிக்கும்.

புல்லைப் பற்றி இனிச் சுருக்கமாகக் கூறலாம். ஈரமாக இருக்கும்போது புற்றரையில் கால் வைக்கக் கூடாது. ஒரு நாள் மிதிப்பு ஒரு மாத வேலையைக் கெடுக்கும். மாரியில் ஒட்ட வெட்டாமல் இரண்டங்குல உயரத்தில் விடவேண்டும். கோரையை மேலே வெட்டிப் பயனில்லை, கிழங்கோடு கிண்டி எடுத்தல் வேண்டும். அதுவும் ஒரு முறையோடு தீராது. களிநிலத்துக்கு மணலிலும் பார்க்க நன்கு மக்கிய இலைக்குப்பையே உத்தமம். களிப்பொடிகளைச் சிறு உருண்டைகளாகச் சேர்த்து இடையிலே காற்றுக்கு வழிவிடுவது அதுதான். 2023இல் நாம் எழுதியதை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் வாசகர்கள் அந்த மணற் பகுதியின் மேல் ஒரு கோடு கீறிவிடுக.

எந்தப் புல் என்று கேட்டால், வெயில் நன்கு விழும் இடத்துக்கு எம் அபிப்பிராயத்தில் அறுகே போதும். அது உவரையும் வரட்சியையும் தாங்கும். நிழலை மட்டும் பொறுக்காது. இப்போது பலர் விரும்பி வாங்கும் அகன்ற இலை மலேசியன் புல் நிழலையும் ஈரத்தையும் ஏற்கும். ஆனால் ஆடி மாதத்தில் தண்ணீர் கேட்டுக் கிணற்றை வற்றச் செய்யும். மணிலாப் புல் மெல்லிய பாய் போல அழகாகப் படரும். ஆனால் மிக மெதுவாக. அவசரக்காரருக்கு அது ஏற்றதன்று. அம்மையார் எம்மைக் கேட்காமலே தம் கணவர் பதித்த அறுகின் உயிர்த் தண்டுகளை மூலைகளிலிருந்து தேடி எடுத்து, சாணளவு இடைவெளி விட்டு மீண்டும் நட்டிருந்தார். அதுவே மிகச் சிறந்த தெரிவு. அந்த நிலத்தில் தப்பிப் பிழைத்த புல்லுக்கு அந்த நிலத்தைத் தெரியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மகாவலி பெருகி வெருகலும் மூதூரும் கிண்ணியாவும் பட்ட பாட்டை எல்லோரும் அறிவர். அங்கே வீடிழந்தோரின் முன் புற்றரைக் கதை பேசவே நாணமாக இருக்கிறது. அத்தகைய மழைக்கு அறுபதடி வாய்க்கால் எம்மாத்திரம்? இரு வளவுகளும் மூழ்கின. மதகும் நிரம்பி நின்றதால் ஒரு பகலும் ஓர் இரவும் நீர் அசையவில்லை. மழை ஓய்ந்து மதகு வடியத் தொடங்கியதும், இரண்டாம் நாள் மாலைக்குள் முன்வளவில் நிலம் தெரிந்ததாக அம்மையார் எழுதினார். கீழ்ப்புறத்தார் அதற்கு முன்னரே கிணற்றுக் கட்டை மூன்றடிக்கு உயர்த்தியிருந்தபடியால் வெள்ளம் உள்ளே இறங்கவில்லை. ஆயினும் நீரை இறைத்து, குளோரீன் இட்டு, சில நாட்களுக்குக் கொதிக்க வைத்தே குடித்தார்கள். குழந்தை சுகமாயிருக்கிறது.

புற்றரையில் முக்காற் பங்கு தப்பியது. தென்கீழ் மூலையில் ஒரு பாய் அளவு இடம் இம்முறையும் அழுகிப்போயிற்று. அங்கே களி மிகத் தடித்தது போலும். அந்த மூலையை அம்மையார் வல்லாரைப் பாத்தியாக்கிவிட்டார். மலசலகூடக் குழியின் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகவும் உயரமாகவும் அமைந்த மூலை அது என்பதை விசாரித்து அறிந்த பின்பே நாம் சம்மதித்தோம். குழிநீர் கசியும் இடத்தில் பச்சையாக உண்ணும் கீரையை நடலாகாது. சென்ற மாசியில் அவ்வழியால் போன நமக்கு மத்தியானச் சாப்பாட்டில் வல்லாரைச் சம்பல் கிடைத்தது. மதிலின் மேலால் கீழ்ப்புறத்தாருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. அவர்கள் எடுத்துப்போன அலவாங்கு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லையாம்.